இழுத்துப் பேசுகிறவன் யார்?

ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அகராதியில் அச்சேறி அமைதியாக உறங்கும் பொருள். மற்றொன்று, சொல்பவரின் உதட்டோரத்தில் ஒளிந்து நிற்கும் பொருள். முன்னதை எவரும் ஏடு புரட்டி அறியலாம். பின்னதை அறிய வேண்டுமானால், சொல்பவர் யார், எவரைக் குறித்துச் சொல்கிறார், எந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு சொல்கிறார் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டாக வேண்டும். ஆங்கில மொழியிலே 'டிரால்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஓரசைச் சொல், ஒரு நொடியில் சொல்லி முடிக்கத்தக்க சொல். மெல்லப் பேசுவோரைச் சுட்ட எழுந்த சொல் அது. அதன் முதுகிலே நானூறு ஆண்டுக் கால ஏளனம் மூட்டையாக ஏற்றப்பட்டிருக்கிறது. அந்த மூட்டையை இறக்கி, அவிழ்த்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம், வாருங்கள்!

நாம் சென்று அமரும் படிப்பகத்திலே இளந்தோழர்கள் சிலர், ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்கிப் பழகுகின்றனர். அவர்களில் ஒருவர்தாம் இந்தச் சொல்லை நம்மிடம் கொண்டுவந்தவர். "அண்ணே, கதையிலே ஒருவன் 'டிரால்' செய்தான் என்று வருகிறதே, தமிழில் என்ன எழுதுவது?" என்றார். அகராதியைப் புரட்டினோம். 'உயிரொலிகளை நீட்டி, மெல்லப் பேசுதல்' என்பது பொருள். பொருள் தெளிவுதான்; ஆனால், கதையிலே எழுதச் சொல் வேண்டுமே! 'நீட்டி முழக்கினான்' என்றார் ஒருவர். அது சுருங்கச் சொல்ல வேண்டியதை விரித்துச் சொல்வதல்லவா? 'ராகம் போட்டான்' என்றார் இன்னொருவர். அது அழுகைக்கும் கெஞ்சலுக்கும் பொருந்தும். 'இழுத்துப் பேசினான்' என்றார் மூன்றாமவர். ஒலியளவில் அது பொருந்துகிறது. ஆயினும், தயங்குகிறவனையும் மழுப்புகிறவனையும்கூட நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

சொல் தேடிய அந்த வேளையிலேதான் நம் நெஞ்சில் ஓர் எண்ணம் தைத்தது. ஒலியை நீட்டுதல் என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிய செய்தியன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அதற்கும் மேல் நீண்டு ஒலித்தால் அளபெடை, மூன்று மாத்திரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை இந்தக் கணக்கு நடந்து வந்திருக்கிறது. நீட்டியவன் சோம்பேறி என்றோ, அறிவிலி என்றோ, பட்டிக்காட்டான் என்றோ அந்தக் கணக்கிலே ஒரு குறிப்பும் இல்லை. ஒலியை அளந்தார்கள், அளந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். 'டிரால்' என்ற சொல்லோ, ஒலியை அளக்கும் கோலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, ஆளை அளந்துவிட்டுப் போகிறது!

பிறந்தபோதே அதன் குணம் அதுதான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கில எழுத்திலே தலைகாட்டுகிறது. காலந்தாழ்த்துதல், சுணங்குதல் என்னும் பொருளுடைய டச்சு மொழிச் சொல்லின் உறவு என்பர் சொல்லாராய்ச்சியாளர் சிலர். ஷேக்ஸ்பியர், வின்ஸர் நகரத்து மகளிரைப் பற்றி எழுதிய நகைச்சுவை நாடகத்திலே, ஒரு பாத்திரம் இன்னொருவனை வைவதற்காக இச்சொல்லை எடுத்து வீசுகிறது. போக்கிரி என்ற சொல்லுக்குத் துணையாகவே அது அங்கே நிற்கிறது. தொட்டிலிலேயே வசவாகத் தவழ்ந்த சொல், தோழர்களே, இது!

இனி, ஆங்கில எழுத்தாளர்கள் இச்சொல்லை ஆளும் முறையைக் கவனியுங்கள். 'சொன்னான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'டிரால் செய்தான்' என்று எழுதுவார்கள். உடனே நம் மனக்கண்முன் ஓர் உருவம் எழும். ஒன்று, சாய்வு நாற்காலியிலே காலை நீட்டி, அரைக்கண் மூடி, உலகமே தனக்குக் கடன்பட்டது போலப் பேசும் பிரபு. அல்லது, தொப்பியை முன்னே தள்ளிக்கொண்டு வேலியிலே சாய்ந்து நிற்கும் டெக்சாஸ் மாட்டுக்காரன். அச்சொல்லோடு சேரும் அடைமொழிகளையும் பாருங்கள்: சோம்பலான டிரால், மென்மையான டிரால், திமிரான டிரால், தெற்கத்திய டிரால். இன்னொன்றும் கவனித்தோம். தன் பேச்சைத் தானே 'டிரால்' என்று சொல்லிக்கொள்பவர் அரியர். பெரும்பாலும், அது கேட்பவர் வழங்கும் பட்டம். பேசுபவர் கேட்டுப் பெற்ற பட்டமன்று. பட்டம் வழங்கும் உரிமை எவர் கையில் இருக்கிறது என்று பார்த்தால், பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

பிரபுவை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நாவல்களிலே, உழைத்துண்ண வேண்டாத உயர்குடி இளைஞர்கள் அடிக்கடி வருவார்கள். வார்த்தைக்கு வார்த்தை இழுப்பார்கள். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனால், அவர்களை எவரும் மந்தபுத்தி என்று வேலையிலிருந்து நீக்கவில்லை. அவர்களுக்கு வேலையே இல்லையே! எதிரே நின்ற பணியாள், முதலாளியின் வாய் மூடும் வரை கைகட்டிக் காத்திருந்தான். அவர்களுடைய இழுவை, ஓய்வின் விளம்பரம். 'நமக்கு எவனும் அவசரம் காட்ட முடியாது' என்ற அறிவிப்பு. கதாசிரியர்கள் அவர்களைக் கிண்டல் செய்ததும் உண்டுதான். ஆயினும், அந்தக் கிண்டலால் அவர்களுடைய நிலத்தில் ஒரு முழமும் குறையவில்லை. சோற்றில் ஒரு பிடியும் குறையவில்லை.

பிறர் காத்திருப்பார்கள் என்ற உறுதி உள்ளவன் மெல்லப் பேசினால், அது தோரணை. அந்த உறுதி இல்லாதவன் மெல்லப் பேசினால், அது குற்றம். இந்த உண்மையை ஏட்டிலே படிக்கும் முன்பே நாம் வாழ்விலே படித்தோம்.

கல்லூரியை விட்டு வெளியேறிய புதிதிலே, ஓர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்காகச் சென்றோம். எந்த அலுவலகம், எந்த ஊர் என்ற விவரம் இங்கே வேண்டா. எண்ணிப் பார்த்து, சொல்லைத் தேர்ந்து, மெல்லப் பேசுவது நமக்கு இளமை முதல் இயல்பு. நம் வீட்டிலே அனைவரும் அப்படித்தான். மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்திருந்தனர். கேள்வி வந்தது, விடை தெரியும், சொல்லத் தொடங்கினோம். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "ஏன் இப்படி இழுக்கிறீர்? இரவு தூக்கம் இல்லையோ?" என்றார். மூவரும் நகைத்தனர். விடை நம் நாவிலேயே நின்றுவிட்டது. பிறகு, மூவரில் தலைமை வகித்தவர், அந்த வேலையின் பெருமையை நமக்கு விளக்கலானார். அடடா, அந்த விளக்கம்! சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி. இடைவெளிக்கு இடைவெளி ஒரு கனைப்பு. நாம் பேசியதைவிட இரு மடங்கு மெதுவான பேச்சு. மற்ற இருவரும் முன்னே சாய்ந்து, அடுத்த சொல் எப்போது விழும் என்று ஏங்கிக் காத்திருந்தனர். அவர் இழுத்தால் ஆழம். நாம் இழுத்தால் தூக்கம்! வேலை நமக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததைவிட, அறிந்த விடையைச் சொல்ல விடாமல் அடித்த அந்தச் சிரிப்புத்தான் நெடுநாள் நெஞ்சில் தங்கியது.

ஆகவேதான், 'டிரால்' என்ற சொல்லின் வரலாற்றைத் தேடியபோது, வெறும் சொல்லாராய்ச்சியாக அதைத் தேட நம்மால் இயலவில்லை. தேடியதிலே கிடைத்த ஒரு செய்தி, நம்மைத் துள்ளி எழச் செய்தது.

இன்று அமெரிக்காவில் 'டிரால்' என்றாலே தென் மாநிலங்கள்தாம் நினைவுக்கு வரும்: ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, டெக்சாஸ். ஆனால், 1789ஆம் ஆண்டிலே, பின்னாளில் பேர்பெற்ற அகராதியைத் தொகுத்த நோவா வெப்ஸ்டர், ஆங்கில மொழியைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலிலே, சொற்களை இழுத்துப் பேசும் குறையை யார்மீது சுமத்துகிறார் தெரியுமா? வடகிழக்கிலே உள்ள நியூ இங்கிலாந்து மக்கள்மீது! தாம் பிறந்த மண்ணின் மக்கள்மீதே! அதற்கு அவர் கூறும் காரணந்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அடிமைகளுக்குக் கட்டளையிட்டுப் பழகியவர்களின் பேச்சிலே அதிகாரமும் முடிவும் தொனிக்கும்; நியூ இங்கிலாந்திலோ அடிமைகளும் ஏவலாட்களும் குறைவு, குடும்பப் பெருமை பேசும் ஏற்றத்தாழ்வும் குறைவு; ஆகவே, அங்குள்ள மக்கள் ஒருவரையொருவர் சமமாக மதித்து, அடுத்தவர் கருத்துக்கு இடம் விட்டு, தயக்கத்தோடு பேசுகிறார்கள்; கட்டளையிடுவதில்லை, யோசனை சொல்கிறார்கள் என்கிறார் வெப்ஸ்டர்.

அவர் அந்தப் பேச்சைக் குறை என்றே கருதினார். திருத்த வேண்டும் என்றே எழுதினார். அவர் கூறிய காரணம் முழுவதும் சரி என்று நாமும் சாதிக்கப் போவதில்லை. ஆனாலும், அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள்! 1789இல் இழுத்துப் பேசியவன், அடிமை வைத்திராத சமத்துவக்காரன். படபடவென்று உறுதியாகப் பேசியவன், தெற்கத்திய அடிமை உடைமையாளன். ஒரு நூற்றாண்டு உருண்டது. உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டு 1865இல் முடிந்தது. தெற்குத் தோற்றது, பொருள் இழந்தது, ஆலைகளும் வங்கிகளும் வடக்கே குவிந்தன. 'டிரால்' என்னும் பட்டமும் வடக்கிலிருந்து புறப்பட்டுத் தெற்கிலே குடியேறிவிட்டது! செல்வமும் செல்வாக்கும் எந்தத் திசையிலிருந்து விலகிச் செல்கின்றனவோ, அந்தத் திசையை நோக்கி இந்தச் சொல் பயணம் செய்திருக்கிறது.

'கற்பனை வேண்டா, தெற்கத்தியர் உண்மையிலேயே இழுத்துத்தானே பேசுகிறார்கள்?' என்று கேட்கலாம். கேளுங்கள், கேட்பதுதானே பகுத்தறிவு! ஒலியியலார் சொல்வது இது: தெற்கத்திய பேச்சின் தனித்தன்மை, நாக்கின் வேகத்தில் இருப்பதைவிட, உயிரொலியின் வடிவத்தில்தான் மிகுதியாக இருக்கிறது. ஓரசையாக ஒலிக்க வேண்டிய சொல்லின் உயிர், நடுவிலே நழுவி, ஈரசைபோல ஒலிக்கிறது. அந்த நழுவல்தான் கேட்பவர் காதிலே இழுவையாக விழுகிறது. வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டு அசைகளை எண்ணிப் பார்த்த ஆய்வுகளிலே வேக வேறுபாடும் தெரிகிறது. ஆனால், அது சிறிய வேறுபாடு. ஏளனத்தின் அளவுக்கும் வேறுபாட்டின் அளவுக்கும் பொருத்தமே இல்லை.

வெயிலால் வந்த பேச்சு என்பார் உண்டு. கொளுத்தும் கதிரவன் நாவையும் சோர்வடையச் செய்துவிட்டானாம்! நம் இராமநாதபுரத்து வெயிலிலே பேசுகிறவர்களைக் கேட்டால் அந்தக் கொள்கை ஒரு நாழிகை நிற்குமா? அமெரிக்காவிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. இன்று தெற்கத்திய பேச்சின் அடையாளங்களாகக் கருதப்படும் ஒலிகளில் பல, உள்நாட்டுப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளிலேதான் வளர்ந்து பரவின என்று மொழியியலார் கை பெய்லி ஆராய்ந்து கூறியுள்ளார். வெயில் பழையது, பேச்சு புதியது. வெயில் எப்படிக் காரணமாகும்?

மெல்லப் பேசுகிறான், ஆகவே சோம்பேறி. சோம்பேறி, ஆகவே ஏழை. இப்படி ஒரு சங்கிலியைக் கட்டினார்கள். அந்தச் சங்கிலியை உடைத்தது வாதமன்று, தோழர்களே, ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென் மாநிலத்து ஏழைகள் வெளிறிய முகத்தோடும் தளர்ந்த நடையோடும் இருந்தனர். பிறவிச் சோம்பல் என்றது ஊர். சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற அறிவியலார், அவர்களுடைய குடலிலே கொக்கிப்புழு இருப்பதைக் காட்டினார். செருப்பில்லாக் காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலிலே குடியிருந்து குருதியைக் குடிக்கும் புழு! செய்தித்தாள்கள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்று பெயர் சூட்டிச் சிரித்தன. 1909இல் ராக்பெல்லர் பத்து இலட்சம் டாலர் வழங்க, ஓர் ஒழிப்புக் குழு அமைந்தது. 11 தென் மாநிலங்களிலே வேலை செய்தது. சோதித்த பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேரிடம் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், கழிப்பிடம் கட்டச் சொன்னார்கள், 'பிறவிச் சோம்பல்' எழுந்து நடந்தது!

அதே மண்ணிலே பெலாக்ரா என்னும் நோயும் மக்களை வாட்டியது. தோல் வெடிக்கும், உடல் சோரும், அறிவு கலங்கும். தொற்றுநோய் என்றனர் பலர். 1914 முதல் ஜோசப் கோல்ட்பர்கர் ஆராய்ந்து, நோயின் வேர் உணவுக் குறையிலே இருக்கிறது என்று நிறுவினார்: மக்காச்சோளமும் சர்க்கரைப் பாகும் கொழுப்பிறைச்சியும் தின்று வாழ்ந்த ஏழையின் தட்டிலே! புழுவோ பெலாக்ராவோ ஒருவரின் உயிரொலியை நீட்டிவிடவில்லை. பேச்சு வேறு, பிணி வேறு. ஆனால், இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'இவன் இப்படித்தான்' என்று முத்திரை குத்தியது ஏளனம். பசித்தவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால், சோறு போட வேண்டிய பொறுப்புத் தீர்ந்துவிடுகிறதல்லவா?

இழுத்துப் பேசியவர்களிலே மேதைகளும் இருந்தார்கள். மார்க் ட்வெயின், மிசூரி மாநிலத்தவர். அவருடைய நீண்ட இழுவை ஊரறிந்தது. 1866 முதல் மேடையேறிச் சொற்பொழிவாற்றியபோது, அந்த இழுவையையே படைக்கலமாக்கிக்கொண்டார். மெல்ல மெல்லச் சொல்வார், நிறுத்துவார், கூட்டம் மூச்சடக்கிக் காத்திருக்கும், அப்புறம் விழும் ஒரு சொல், அரங்கமே அதிரும். ஜார்ஜியாவின் நிலக்கடலை விவசாயி ஜிம்மி கார்ட்டர், கடற்படையிலே அணுவிசை நீர்மூழ்கித் திட்டத்தில் பணியாற்றியவர். 1977 முதல் 1981 வரை குடியரசுத் தலைவர். 2002இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய பேச்சிலும் அந்த நீட்டல் இருந்தது. டெக்சாஸ்காரர் லிண்டன் ஜான்சனின் பேச்சைக் கேட்டு வடபுலத்து நாகரிகர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். அந்த ஜான்சன்தான் 1964இல் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1965 மார்ச் 15ஆம் நாள், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருக்க, கறுப்பு மக்களின் போராட்டப் பாடலிலிருந்து சொல்லெடுத்து, வாக்குரிமைக்காக வாதாடினார். ஆகஸ்டிலே சட்டம் பிறந்தது.

இதனால், இழுத்துப் பேசுவோரெல்லாம் நல்லவர் என்று நாம் பாட்டுப் பாட வரவில்லை. ஏளனத்துக்குப் பதில் வழிபாடா? அது ஒரு மூடத்தனத்தை விட்டு இன்னொரு மூடத்தனத்திலே விழுவதாகும். அலபாமாவின் தலைநகர் மாண்ட்கமரிக்குச் செல்வோம். 1963 சனவரி 14ஆம் நாள், அங்குள்ள ஆட்சி மாளிகையிலே ஆளுநராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், வெள்ளையரும் கறுப்பரும் இன்றும் நாளையும் என்றும் பிரிந்தே இருக்க வேண்டும் என்று முழங்கினார். தெற்கத்திய பேச்சு! அந்த மாளிகைக்குக் கூப்பிடு தூரத்திலே ஒரு தேவாலயம். டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம். 1954 முதல் 1960 வரை அங்கே பணியாற்றியவர் மார்ட்டின் லூதர் கிங், ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் பிறந்தவர். அதே 1963இலே, ஆகஸ்டு 28ஆம் நாள், வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் முன்னே நின்று, மெல்லத் தொடங்கி, சொல்லை நீட்டி, படிப்படியாக வேகம் கூட்டி, மனிதச் சமத்துவத்தை முழங்கினார். அதுவும் தெற்கத்திய பேச்சு! ஒரே தெரு, ஒரே மண்ணின் நீட்டொலி, ஒன்று சங்கிலியைக் காக்க, ஒன்று சங்கிலியை அறுக்க. தொனியை மட்டும் கேட்கும் காது இருவரையும் ஒன்றாக்கிவிடும். பொருளைக் கேட்கும் காதுதான் இருவரையும் பிரித்தறியும்.

அங்கேயும் ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைத்தல் தகாது. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கும் மேற்கு நகரங்களுக்கும், 1910 தொடங்கி 1970 வரை, ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பு மக்கள் குடிபெயர்ந்தனர். தெற்கத்திய வெள்ளைச் சீமாட்டியின் நீட்டொலியை 'இனிமை' என்று மெச்சிய அதே வடக்கு, இவர்களுடைய நீட்டொலியைக் கேட்டதும் 'படிப்பில்லாப் பேச்சு' என்றது. ஒரே மண்ணில் விளைந்த ஒலி, தோலின் நிறத்துக்கு ஏற்ப இரண்டு விலை பெற்றது!

இந்த ஏளனம் எப்போது தொடங்குகிறது? பிறப்பிலேயா? அறிவியல் இதற்கும் விடை தருகிறது. காதரின் கின்ஸ்லர், ஜாஸ்மின் டிஜீசஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், வடக்கே இலினாய்சிலும் தெற்கே டென்னசியிலும் உள்ள குழந்தைகளிடம் வடக்கத்திய குரலையும் தெற்கத்திய குரலையும் கேட்கச் செய்து வினவினர். 2013இல் முடிவு வெளிவந்தது. ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளிடம், 'இந்தக் குரலுக்கு உரியவர் அறிவாளி. அந்தக் குரலுக்கு உரியவர் அன்பானவர்' என்ற பாகுபாடு இல்லை. ஒன்பது பத்து வயதுக்குள் அது வந்துவிடுகிறது: வடக்கத்திய குரல் அறிவுக்கு, தெற்கத்திய குரல் அன்புக்கு! வடக்குப் பிள்ளைகள் மட்டுமா அப்படிச் சொன்னார்கள்? டென்னசிப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள்! தன் தாயின் பேச்சை, தன் தந்தையின் பேச்சை, தன் நாவிலே தவழும் பேச்சை, அறிவு குறைந்தது என்று பத்து வயதுக்குள் ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது. எந்தப் பாடநூலிலும் அந்தப் பாடம் அச்சிடப்பட்டிருக்கவில்லை. திரைப்படம் கற்பித்திருக்கும், தொலைக்காட்சி கற்பித்திருக்கும், பெரியவர்களின் சிரிப்புக் கற்பித்திருக்கும்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு? 2014ஆம் ஆண்டு, டென்னசியிலே உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், தன் ஊழியர்களின் தெற்கத்திய தொனியைக் குறைப்பதற்கென்று ஆறு வார வகுப்பு நடத்தப்போவதாக அறிவித்தது. அணுவின் உட்கருவை ஆராய்ந்த இடம்; அங்கே, பேச்சின் தொனிக்குச் சிகிச்சை! ஊழியர்கள் முணுமுணுத்தனர், எதிர்ப்பு எழுந்தது, வகுப்புக் கைவிடப்பட்டது. முணுமுணுத்த அந்த ஊழியர்களுக்கு நம் வணக்கம். இழுத்துப் பேசியே எதிர்த்திருப்பார்கள். அதனாலே எதிர்ப்பின் வலிமை குறைந்துவிடவில்லையே!

இளந்தோழர்கள் கேட்ட கேள்விக்கு, இவ்வளவையும் எண்ணிய பின்னர் நாம் சொன்ன யோசனை இதுதான்: ஒலியை மட்டும் குறிக்க வேண்டிய இடத்திலே 'சொல்லை நீட்டிச் சொன்னான்' என்று எழுதுங்கள். கதாசிரியர் ஏளனம் செய்கிற இடத்திலே 'இழுத்தான்' என்று எழுதுங்கள். ஏளனத்தை ஏளனமாகவே காட்டுங்கள், மழுப்ப வேண்டா. எழுதும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே கேட்பவன் யார்? இந்தச் சொல், பேசுகிறவனைப் பற்றிச் சொல்வதைவிட, கேட்கிறவனைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்கிறது.

பாகுபாடு பிறவியிலே வந்ததன்று. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையிலே ஊட்டப்பட்டது. ஊட்டப்பட்டதை உமிழ்ந்துவிடலாம். அதற்குப் பெரிய படையெடுப்பு வேண்டா. மனு கொடுக்க வந்த உழவர், அலுவலகச் சாளரத்தின் முன்னே நின்று, எங்கே தொடங்குவது என்று எண்ணி எண்ணி மெல்லப் பேசுகிறார். கேள்வி கேட்க எழுந்த தாயார், கூட்டத்தின் நடுவே சொல்லைத் தேடித் தேடி நீட்டுகிறார். வகுப்பறையின் கடைசி வரிசையிலே ஒரு சிறுவன், விடை தெரிந்தும் தடுமாறி நிற்கிறான். கடிகாரத்தைப் பாராதீர்கள்! வாக்கியத்தை நீங்களே முடித்து வைக்காதீர்கள்! அருகில் இருப்பவர் சிரித்தால், அந்தச் சிரிப்பிலே கூட்டுச் சேராதீர்கள்! பிரபு பேசும்போது கைகட்டிக் காத்திருந்த உலகம் இது. காத்திருக்கத் தெரியாத உலகமன்று. மேலோருக்கு மட்டும் வழங்கிவந்த அந்தப் பொறுமையை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கட்டும். முடித்த பிறகு, சொன்னது சரியா தவறா என்று வாதாடுவோம்.